சிவப்பு வருகிறதா, போகிறதா

தேர்வு வாரியத்திலிருந்து இரண்டாவது முறையாகத் தோல்விக் கடிதம் வந்த அன்று அண்ணி அழவில்லை. குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினார். முந்தின வாரம்தான் கழுவியிருந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக உருவித் தொட்டியில் போட்டு, நுரை பொங்கத் தேய்த்து, "அம்பத்தேழு" என்றார். அடுத்ததை உருவினார். "அம்பத்தேழு!"

தேர்ச்சி பெற நூற்றுக்கு அறுபது வேண்டும். முதல் முறை வாங்கியது ஐம்பத்து நான்கு.

நானும் அண்ணனும் சமையலறை வாசலிலேயே நின்றோம். உள்ளே கால் வைக்கும் துணிச்சல் இருவருக்கும் இல்லை.

"மூணு மார்க்தானே விட்டுப் போச்சு," என்று அண்ணன் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"மூணு மார்க்தானேவா? அத அந்த வாரியத்துக்குப் போய்ச் சொல்லுங்க. கூடவே உங்க தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. அவன்தான் ரெண்டு பாஷையிலயும் அழகா சொல்லுவான், மூணு மார்க்தானேன்னு."

அண்ணி ஸ்கேன் எடுப்பவர். வயிற்றுக் குழந்தையைப் பார்க்கிற ஸ்கேன் இல்லை, ரத்தம் ஓடுவதைப் பார்க்கிற ஸ்கேன். கழுத்து, கால், வயிறு என்று எந்தக் குழாயில் ரத்தம் எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பழைய ஊரில் பதினான்கு வருடம், இங்கே ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்த எல்லோரும் இயற்பியல் தாள் ஒன்றை எழுதித் தேற வேண்டும். அதுவரை தற்காலிக அனுமதி. மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தோற்றால் இரண்டு வருடத்துக்கு இயந்திரத்தைத் தொடக்கூடாது. மருத்துவமனை வேலையை விட்டு அனுப்பாது, முன்பக்கம் பெயர் பதியும் மேசையில் உட்காரவைத்துவிடும். அண்ணிக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அவர் வேலை செய்யும் அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை என் காலில் வீக்கம் வந்தபோது அங்கேதான் படுத்தேன். கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமும். இந்தப் பக்கம் அரை இருட்டில் ஒரு படுக்கை, ஒரு திரை, வெதுவெதுப்பான குழியில் தலைகீழாகச் செருகிய ஜெல் புட்டி. இருபது வருடம் ஒரே கையை நீட்டி நீட்டி அவருடைய வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். கையில் பிடிக்கும் முனையைப் புரோப் என்பார்கள். அதைத் தோலில் வைத்ததும் ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் வரும். தமனி என்றால் யாரோ ஈரத் துணியை உதறுவது போல. சிரை என்றால் மரங்களுக்குள் காற்று புகுவது போல.

"அது ரத்தத்தோட சத்தமா அண்ணி?" என்று அன்று கேட்டேன்.

"ரத்தத்துக்கு ஏது வாய்? நாமதான் சத்தம் அனுப்பறோம். காதுக்குக் கேக்காத சத்தம். அது போய் ரத்தத்துல பட்டுத் திரும்புது. ரத்தம் நம்ம பக்கம் ஓடி வந்தா, திரும்பி வர்ற சத்தம் கொஞ்சம் கீச்சுன்னு ஏறி வரும். நம்மள விட்டு ஓடினா கட்டையா இறங்கி வரும். அனுப்பினதுக்கும் வந்ததுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அத மட்டும் மெஷின் தனியா எடுத்துக் காட்டுது. அந்த வித்தியாசந்தான் நீ கேக்கறது."

குழாய் குறுகின இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அந்த வித்தியாசமும் கூடும், ஒலிபெருக்கிச் சத்தம் சட்டென்று உயரும். அண்ணி திரையைப் பார்க்கும் முன்பே "ம், இங்கதான் மாட்டிக்கிட்டிருக்கு" என்பார்.

உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு. வாயை மூடவே மாட்டார் என்பதால் அவருக்கு 'சைலன்ட்' என்று பெயர். அவரும் அதே தேர்வை எழுதி அதே போலத் தோற்றுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவர் ஒரு பெண்ணின் காலில் ரத்த ஓட்டமே இல்லை என்று பதறி ஓடி வந்தார். அண்ணி போய்ப் பார்த்தால், புரோப்பைக் குழாய்க்குச் செங்குத்தாகக் குத்திப் பிடித்திருந்திருக்கிறார். அப்படிப் பிடித்தால் ரத்தம் நம்மை நோக்கியும் வராது, விலகியும் போகாது, குறுக்கேதான் போகும். வித்தியாசம் பூஜ்யம். இயந்திரம் ஊமையாகிவிடும்.

"ஏங்க, ரோட்டுக்கு நேர் மேல ஹெலிகாப்டர்ல உக்காந்துக்கிட்டு வண்டி வருதா போகுதான்னு கேட்டா என்ன சொல்றது? சாய்ச்சுப் பிடிங்க!"

"சாய்ச்சுத்தான் பிடிச்சேன், அந்தம்மா கால நகத்திட்டாங்க, அதுவும் இல்லாம இந்த மெஷின் இருக்கே..." என்று சைலன்ட் ஆரம்பித்தாராம். அது முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரமாம்.

இப்படிப்பட்ட அண்ணிதான் ஐம்பத்தேழு வாங்கினார். எங்கே கோட்டை விட்டோம் என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். விண்ணப்பம் போட்டால் விடைத்தாளைக் காட்டுவார்கள். எனக்கு அரசாங்கக் கட்டடம் என்றாலே பயம். அடையாள அட்டையை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு அவருடன் போனேன்.

ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்களிடம் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். அண்ணி பக்கங்களைப் புரட்டினார். மின்சாரம், கணக்கு என்று அவர் எதிர்பார்த்த இடங்களில் மதிப்பெண் போயிருந்தது. ஒலி பற்றிய கேள்விகள் எல்லாவற்றிலும் சரிக்குறி. கடைசிப் பகுதி ஒளி. அங்கே வரிசையாக மூன்று சிவப்புச் சுழி.

"இது எப்படித் தப்பாகும்?" என்றார் அண்ணி.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "நம்மள விட்டு விலகிப் போற நட்சத்திரத்தோட ஒளி எந்த நிறத்துப் பக்கமா நகரும்னு கேள்வி. நீங்க நீலம்னு போட்டிருக்கீங்க. சிவப்பு."

"விலகினா நீலம்தாங்க. இருபது வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நட்சத்திரத்தையா?"

"ரத்தத்தை!"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அம்மா, கேள்வி நட்சத்திரத்தப் பத்தி."

"எனக்கெதுக்குங்க நட்சத்திரம்? என் படுக்கையில நட்சத்திரமா வந்து படுக்கப் போகுது, ஜெல் தடவிப் பாக்க?"

அடுத்த மூன்று நாளும் வீட்டில் இதே பேச்சு. அண்ணியின் கோபத்தில் நியாயம் இருந்தது. ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும்போது இயந்திரம் நிறம் பூசும். புரோப்பை நோக்கி வருவதற்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம். புதிதாக வருபவர்களுக்கு அவர் அதைத் தன் பாணியில் சொல்லிவைத்திருந்தார்: கோபக்காரன் மூஞ்சி சிவந்து கிட்ட வருவான், குளிர்ந்தவன் நீலமா நகர்ந்து போயிடுவான். அந்த வரி அவர் உடம்பில் ஊறிவிட்டது. நட்சத்திரத்தில் எல்லாம் தலைகீழ். விலகுவதற்குத்தான் சிவப்பு.

"எவன் வச்சான் இத? ஒருத்தன் மேல பாத்து ஒரு நிறம் வச்சான், இன்னொருத்தன் கீழ பாத்து எதிர் நிறம் வச்சான். ரெண்டு பேரும் ஒரு ஃபோன் பேசிக்கக் கூடாதா?"

"மெஷின்ல மனுஷன் வச்சான் அண்ணி. நட்சத்திரத்துல யாரும் வைக்கல. அங்க நிறமே ஒளிதான்."

"அப்படின்னா?"

அப்படியென்றால் என்னவென்று எனக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. நான் பள்ளியில் ஒரு மொழியிலும் கல்லூரியில் இன்னொரு மொழியிலும் படித்தவன், இரண்டிலும் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தப்பித்தவன். அண்ணி பள்ளியில் தமிழில் படித்தவர் என்பதால் தமிழ்ப் பாடப்புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். அதில் 'செம்பெயர்ச்சி' என்று போட்டிருந்தது.

"குருப்பெயர்ச்சி தெரியும், சனிப்பெயர்ச்சி தெரியும். இது எந்த ராசிக்கு?" என்றார் அண்ணி.

"உனக்குத்தான்," என்றார் அண்ணன். "மூணாவது வாய்ப்புல வந்து உக்காந்திருக்கு."

அண்ணன் ஒரு பொட்டலக் கிடங்கில் வேலை பார்க்கிறார். ஓடும் பட்டையில் வரும் பெட்டிகளை ஊர் வாரியாகப் பிரித்துத் தள்ள வேண்டும். அன்று சாப்பாட்டு மேசையில் நான் ஒரு தாளில் அலை அலையாகக் கோடு போட்டுத் திணறிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை விழுங்கினார்.

"நாலு செகண்டுக்கு ஒரு பெட்டி வருதுன்னு வை. நான் நின்ன இடத்துல நின்னா நாலு செகண்டுக்கு ஒண்ணு. பெல்ட்டுக்கு எதிரா நடந்தா சீக்கிரம் சீக்கிரமா வந்து இடிக்கும். பெல்ட் போற பக்கமே நடந்தா லேட்டா வரும். பெட்டி போடறவன் மாத்தவே இல்ல, அதே நாலு செகண்டுதான். இதானே? இதுக்கு ஒரு பேரு வேற, ஒரு பரீட்சை வேறயா?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அரை மணி நேரமாகத் தேடியது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"அதேதான் அண்ணி. ஒலியில பெட்டி அடிக்கடி வந்தா கீச்சுக் குரல், மெதுவா வந்தா கட்டைக் குரல். ஒளியிலயும் பெட்டி இருக்கு. அடிக்கடி வந்தா கண்ணு அத நீலம்னு சொல்லும். மெதுவா வந்தா சிவப்புன்னு சொல்லும். சிவப்புதான் ஒளியோட கட்டைக் குரல். நட்சத்திரம் விலகிப் போனா குரல் கட்டையாகும். அதுக்காக நட்சத்திரமே செக்கச்செவேல்னு ஆயிடாது. அதோட ஒளியப் பிரிச்சுப் பாத்தா உள்ள சில கோடுங்க இருக்கும், அது சிவப்புப் பக்கமா கொஞ்சம் தள்ளி நிக்கும். அவ்வளவுதான்."

அண்ணி என் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "புரியுது. புரியறதுதான் பிரச்சினை," என்றார். "இத உள்ள விட்டா அது வெளிய போயிடும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. காலையில் பல் துலக்கும்போதும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும், "விலகினா?" என்று கேட்பேன். "சிவப்பு" என்பார். "கிட்ட வந்தா?" "நீலம்." அண்ணன்கூடத் தொலைபேசியை எடுத்ததும் வணக்கத்துக்குப் பதில் "விலகினா?" என்றார். கேலிதான். ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து அண்ணியின் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு தையல்காரர் ஸ்கேனுக்கு வந்தார். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று உண்டு. அதில் ரத்தம் கல்லீரலை நோக்கிப் போக வேண்டும். அந்தக் குழாயை வழக்கமான இடத்தில் முனை வைத்துப் பார்த்தால் சிவப்பாகத் தெரியும். நீலமாகத் தெரிந்தால் ரத்தம் பின்னால் திரும்பி ஓடுகிறது, கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். தையல்காரருக்கு நல்ல சிவப்பு. அண்ணி படத்தைச் சேமித்தார், ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார், அறிக்கையைத் தட்டினார்: 'ஓட்டம் கல்லீரலை விட்டு விலகிச் செல்கிறது.' அனுப்பியும் விட்டார்.

பத்து நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து மருத்துவர் அழைத்தார். "படம் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுது. எத நம்பறது?"

அண்ணி படியேறி ஓடினாராம், மின்தூக்கிக்குக்கூட நிற்காமல். தையல்காரர் நடைபாதை நாற்காலியில் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அறிக்கை திருத்தப்பட்டது. பிரிவுத் தலைவி, அண்ணியைவிடப் பத்து வயது சின்னவர், பிழைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"உங்களுக்கு இப்படி ஆனதே இல்லையே. வீட்டுல எதுவும் பிரச்சினையா?"

"வீட்டுல எல்லாரும் எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறாங்க. அதான் பிரச்சினை."

அன்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் இருவரையும் வரவேற்பறையில் உட்காரவைத்தார். "இனிமே இந்த வீட்டுல எவனாவது 'விலகினா'ன்னு வாயத் திறந்தீங்க..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார். திரையின் ஓரத்தில் எப்போதும் ஒரு நிறப்பட்டை நிற்கும். அதன் மேல்பாதியில் எந்த நிறம் இருக்கிறதோ அது வருவதற்கு, கீழ்ப்பாதி போவதற்கு. ஒரு பொத்தானைத் தட்டினால் பட்டை தலைகீழாகிவிடும், படத்தில் நிறங்களும் இடம் மாறிவிடும். பலர் தட்டுவார்கள், மறந்தும் போவார்கள். அதனால் நிறத்தைப் பார்க்கும் முன் பட்டையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். நாள்பட்ட பழக்கத்தில் அண்ணி அதைக் கண்ணோரத்தால் செய்துவிட்டு மறந்திருந்தார். இப்போது மறுபடி, நேற்றுச் சேர்ந்தவர் போல, ஒவ்வொரு படத்துக்கும் பட்டையில் விரல் வைத்துப் பார்த்த பிறகே எழுதினார். ஒரு நாளைக்குப் பதினாறு பேரைப் பார்த்தவர் பதினொரு பேரைத்தான் பார்க்க முடிந்தது. பிரிவுத் தலைவி அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அண்ணியின் முகம் தெளிவாக இருந்தது. "நட்சத்திரம் எல்லாத்தையும் சாத்திட்டேன்," என்றார். பேருந்தில் எனக்கும் சேர்த்து அவரே சீட்டு எடுத்தார்.

நான்கு நாள் கழித்து வாரியம் விடைக்குறிப்பை வெளியிட்டது. அவரவர் விடைத்தாளையும் பக்கத்திலேயே பார்க்கலாம். விடையில் ஆட்சேபம் இருந்தால் ஐந்து நாளுக்குள் எழுதலாம். மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து மூவரும் எண்ணினோம். ஒளியில் எல்லாம் சரி. மொத்தம் ஐம்பத்தொன்பது.

மறுபடி எண்ணினோம். அண்ணன் விரல்விட்டு எண்ணினார், நான் தாளில் கோடு போட்டு எண்ணினேன். ஐம்பத்தொன்பது.

போகக் கூடாத இடத்தில் போனது நாற்பத்தோராவது கேள்வி. ஒரு படம். கறுப்புப் பின்னணியில் ஒரு குழாய், உள்ளே சிவப்பு. இந்த ஓட்டம் எப்படிப்பட்டது? அ) முனையை நோக்கி வருகிறது. ஆ) முனையை விட்டு விலகுகிறது. இ) முனைக்குச் செங்குத்தாகச் செல்கிறது. ஈ) இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வாரியத்தின் விடை அ. அண்ணி குறித்திருந்தது ஆ.

"இது நட்சத்திரம் இல்லையே," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "இது உங்க மெஷின் அண்ணி."

"தெரியுது."

"இருபது வருஷமா..."

"தெரியுதுன்னு சொல்றேன்ல! சிவப்பப் பாத்ததும் கை போயிடுச்சு. ஏழு வாரம் ஓதினீங்கல்ல, விலகினா சிவப்பு, விலகினா சிவப்புன்னு. போயிடுச்சு."

எழுந்து போனார். குழாய் திறந்தது, மூடியது. திரும்பி வந்து, ஈரக் கையோடு திரைக்கு முன்னால் குனிந்தார். அப்படியே நின்றார்.

"பட்டை எங்க?"

"என்ன பட்டை?"

"நிறப்பட்டைடா. படத்துல பட்டையே இல்ல. பட்டை இல்லாம இத வருதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? எவனாவது பொத்தானத் தட்டியிருந்தா? வாரியம் குடுத்த விடையே தப்பு. இதுக்கு விடை ஈ."

வழி கிடைத்துவிட்டது. "ஆட்சேபம் போடுவோம். கேள்வி தவறானது, ரத்து பண்ணுங்கன்னு கேப்போம். ரத்து ஆனா எழுதின எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுத்தான் ஆகணும். விதியில இருக்கு, பத்தொன்பதாவது பத்தி. உங்களுக்கு அறுபது!"

அண்ணன் மேசையைத் தட்டினார். "அப்படிப் போடு!"

அண்ணி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா கேள்வி தப்பில்லையே தம்பி. சரியான விடை கீழயே இருக்கே. கேள்வி நல்ல கேள்வி. விடையக் குறிச்சவன்தான் தப்பு."

"அதனால என்ன?"

"அதனால, ரத்து பண்ணுன்னு கேட்டா பொய். விடைய மாத்துன்னு கேக்கறதுதான் சரி."

"விடைய ஈன்னு மாத்தினா உங்களுக்கு என்ன கிடைக்கும்? நீங்க போட்டது ஆ. அதுலயும் தப்பு, இதுலயும் தப்பு!"

"அதான் எனக்கும் பத்திக்கிட்டு வருது."

நான்கு நாள் வீட்டில் போர். அண்ணன் தனக்கு விஷயம் புரியவில்லை என்பதை மறைக்கவில்லை. அறுபது அறுபதுதான், எப்படி வந்தால் என்ன என்றார். நான் ரத்து கேட்கும் கடிதம் ஒன்றை மிக நேர்த்தியாக எழுதி, மூன்று முறை திருத்தி, மேசையில் வைத்தேன். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. 'படம் முழுமையற்றது' என்றுதான் இருந்தது. அண்ணி அதைப் படித்தார். அடுத்த நாளும் படித்தார். ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"பட்டை இல்லாத படத்தக் குடுத்தா, சொல்ல முடியாதுன்னு சொல்றதும் ஒரு பதில்தான்டா," என்றார் பேனாவைக் கீழே வைத்து. "இத ரத்து பண்ணிட்டா அப்படி ஒரு பதிலே இல்லன்னு ஆயிடும். அடுத்த வருஷம் அதே படம், அதே அ. அத மனப்பாடம் பண்ணிட்டு ஒருத்தன் வருவான். பட்டையப் பாக்காம ஒரு தையல்காரருக்கு எழுதிக் குடுப்பான். நானே எழுதிக் குடுத்தேனே!"

"நீங்க சட்டமா போடறீங்க? உங்க வேலையக் காப்பாத்திக்கங்க முதல்ல!"

"நீ சும்மா இரு. எனக்கு ஆசை இல்லன்னு நினைச்சியா? அந்தப் பேர் பதியற நாற்காலிய நினைச்சாலே எனக்குக் குமட்டுது."

ஐந்தாவது நாள் நான் வேலையிலிருந்து வரும்போது அனுப்பிவிட்டிருந்தார். என்னைக் கேட்காமல், தனக்குச் சரியாக வராத மொழியில், நான்கே வாக்கியம். எழுத்துப்பிழை இரண்டு. கேள்வி நாற்பத்தொன்று சரியான கேள்வி. நிறப்பட்டை இல்லாததால் சரியான விடை ஈ. தயவுசெய்து மாற்றவும். நான் குறித்ததும் தவறுதான்.

"கடைசி வரி எதுக்கு?" என்று கத்தினேன். "அத யார் கேட்டா?"

"அது இல்லாட்டி, மார்க்குக்காக எழுதறேன்னு நினைப்பாங்க."

"மார்க்குக்காகத்தான் எல்லாரும் எழுதறாங்க!"

"அதான் என்னக் கேக்காம உன் கடிதத்த நீ எழுதின, உன்னக் கேக்காம என் கடிதத்த நான் எழுதினேன். கேட்டிருந்தா நீ திருத்தியிருப்ப."

திருத்தியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நாற்பத்தோராவது கேள்விக்கு விடை 'ஈ' என மாற்றப்பட்டுள்ளது. தங்கள் கவனத்துக்கு நன்றி. தங்கள் மதிப்பெண் 59. தேர்ச்சி இல்லை. அடுத்த வாய்ப்பு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

இந்த முறை குளிர்சாதனப் பெட்டியைக் கழுவவில்லை. சோபாவில் உட்கார்ந்து கடிதத்தை மடித்தார், பிரித்தார், மடித்தார். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். "கைய எடுங்க," என்றார் அண்ணி. அண்ணன் எடுக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் நடந்ததை அவர் எங்களிடம் சொன்னபோது சிரித்தாரா பல்லைக் கடித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சைலன்ட் நடைபாதையிலேயே மறித்துக்கொண்டாராம்.

"அக்கா, பாஸ்! நான் பாஸ்! அம்பத்தொன்பதுல தொங்கிட்டிருந்தேன் அக்கா, போச்சு எல்லாம் போச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன், என் பொண்டாட்டி ரெண்டு நாள் பேசல, அது வேற கதை, திடீர்னு பாத்தா நாப்பத்தொண்ணாவது கேள்விக்கு விடைய மாத்திட்டாங்க, எனக்கு ஒரு மார்க்! எவனோ ஒரு புண்ணியவான் ஆட்சேபம் போட்டிருக்கான்."

"புண்ணியவதியா இருக்கக் கூடாதா?"

"யாரா இருந்தா என்ன அக்கா, நல்லா இருக்கட்டும்."

"நீங்க எப்படி ஈ போட்டீங்க? பட்டை இல்லன்னு கவனிச்சீங்களா?"

"பட்டையா? என்ன பட்டை? எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா. தெரியல, அதான் 'சொல்ல முடியாது'ன்னு போட்டேன்."

அண்ணி இதைச் சொல்லி முடித்ததும் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அவர் தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை.

"அந்தாளுக்கு நீங்கதான்னு சொன்னீங்களா?"

"சொன்னா இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார். பட்டைய மட்டும் காட்டிட்டு வந்தேன். இப்போ அந்த ரூம்ல அவர்தானே."

அடுத்த திங்கள் முதல் அண்ணி முன்பக்க மேசை. பிரிவுத் தலைவி நாற்காலியின் உயரத்தைத் தன் கையாலேயே சரிசெய்து கொடுத்தாராம், அதற்கு மேல் அவராலும் செய்ய முடியாது. நான் முதல் நாளே ஒரு பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு பார்க்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், விசைப்பலகையை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஓர் அம்மா.

"நீங்கதானே போன வருஷம் என் கழுத்துல ஸ்கேன் எடுத்தது?" என்றார் அவர், கண்ணாடிக்குள் குனிந்து. "இங்க என்ன பண்றீங்க?"

"இப்போ பேர் மட்டும்தான் எடுக்கறேன்," என்றார் அண்ணி. "சொல்லுங்க."